மன்னித்தவள் திரும்பிப் போகத்தான் வேண்டுமா?



நம் மாதா சபைப் பெண்கள் சிலரும், புதிதாய் மணமான இரண்டொரு தம்பதிகளும், "ஃபயர்புரூஃப்" என்னும் அமெரிக்கத் திரைப்படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு அதே பேச்சாக இருக்கிறார்கள். பார்த்தவர் பார்க்காதவருக்குச் சொல்ல, இப்போது பங்கில் பாதிப் பேருக்குக் கதை தெரியும். நானும் பார்த்தேன். நல்ல படம். பிள்ளைகள் வளர்ந்திருந்தால் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். ஆனால் அதைப் பார்த்த ஒரு தாய் என்னிடம் வந்து கேட்ட கேள்வி அந்தப் படத்துக்குள் அடங்குவதாயில்லை. "மன்னிக்க வேண்டும் என்கிறீர்கள், சாமி. மன்னித்துவிட்டேன். மன்னித்தால் திரும்பிப் போகத்தான் வேண்டுமா?" என்று கேட்டார்.

கேட்டவர் யாரென்று தேட வேண்டாம். இதே கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வருகிறவர்கள் நம் பங்கில் ஒருவர் இருவரல்ல.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். கேலப் ஹோல்ட் என்பவன் தீயணைப்புப் படையில் ஒரு தலைவன். எரிகிற வீட்டுக்குள் புகுந்து யார் பெற்ற பிள்ளையையோ தூக்கி வருகிறவன். தன் வீட்டில் பற்றிய தீ மட்டும் அவன் கண்ணில் படவில்லை. மணமாகி ஏழு ஆண்டுகள். மனைவி கேதரின் ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். அவளுடைய தாயார் பக்கவாதத்தில் விழுந்தவர். அவருக்குத் தகுந்த கட்டிலும் சக்கர நாற்காலியும் வாங்கக் குடும்பத்துக்கு வசதியில்லை. இவனோ ஒரு படகு வாங்குவதற்கென்று 24,000 டாலர் சேர்த்து வைத்திருக்கிறான். இரவானால் கணினிக்கு முன் உட்கார்ந்து பார்க்கத் தகாதவற்றைப் பார்க்கிறான். ஏன் என்று கேட்டால் எரிந்து விழுகிறான். அவள் விவாகரத்து என்ற சொல்லை எடுக்கிறாள். மருத்துவமனையில் இனிக்க இனிக்கப் பேசும் ஒரு டாக்டர் பக்கம் அவள் மனமும் மெல்லச் சாய்கிறது.

அந்நிலையில் கேலபின் தகப்பனார் கையால் எழுதிய ஒரு நோட்டுப் புத்தகத்தை மகனிடம் கொடுக்கிறார். நாற்பது நாள், நாளுக்கு ஒரு காரியம். முதல் நாள் மனைவியிடம் கடிந்து ஒரு சொல்லும் சொல்லாதே, மறுநாள் அவள் எதிர்பாராத ஓர் உதவி செய், இப்படியே போகும். மகன் கடனே என்று செய்கிறான். இருப்பதில் மலிவான பூவாகப் பார்த்து வாங்கி வைக்கிறான். அவள் திரும்பியும் பார்க்கவில்லை. ஏதோ சூது என்றே நினைக்கிறாள். பாதி வழியில் அவன் சலித்துப்போய் நிற்க, தகப்பனார் வந்து பேசுகிறார். தன்னைத் துளியும் மதியாத ஒருவரை நேசிப்பது எப்படி என்று மகன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கு விடை அங்கே நிற்கும் சிலுவையிலேயே இருக்கிறதென்று தகப்பனார் காட்ட, அவன் ஆண்டவரிடம் மனந்திரும்புகிறான். பிறகு கணினியை வெளியே கொண்டுபோய் மட்டையால் அடித்து நொறுக்குகிறான். ஆனாலும் அவள் விவாகரத்துப் பத்திரத்தை நீட்டுகிறாள்.

ஜார்ஜியா மாநிலத்தில் அல்பனி என்னும் ஊரிலுள்ள ஷெர்வுட் பாப்டிஸ்ட் சபையார் எடுத்த படம் இது. நம் பிரிந்த சகோதரர்களின் முயற்சி. நடித்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சபையின் சாதாரண மக்கள். கூலி வாங்காமல் உழைத்தவர்கள். ஏறக்குறைய 5 இலட்சம் டாலர் செலவில் எடுத்து 2008-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். 3 கோடி 30 இலட்சம் டாலருக்கு மேல் வசூலானது. கதாநாயகனாக நடித்த கர்க் கேமரன், தம் மனைவியைத் தவிர வேறு பெண்ணை முத்தமிட மாட்டேன் என்று சொன்னதால், அந்த ஒரு காட்சிக்கு அவருடைய சொந்த மனைவியையே கதாநாயகியின் உடையில் நிழலுருவாக நிறுத்திப் படம் பிடித்தார்களாம். சினிமாக்காரர்களைப் பற்றி நான் சொல்லும் நல்ல வார்த்தைகள் குறைவு; இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

அந்நாட்டில் இப்படிப்பட்ட கிறிஸ்தவக் காதல் கதைகளுக்கென்றே பதிப்பகங்கள் உண்டு. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அவற்றை வாசிக்கின்றன. தவறு, கண்ணீர், மன்னிப்பு, பிரிந்தவர் மறுபடி சேருதல் என்ற வரிசையில்தான் அவை பெரும்பாலும் போகும். கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்து நிற்காவிட்டால் வாசகர் புத்தகத்தை மூடமாட்டார். கதைக்கு அது அழகுதான். ஆனால் இவற்றையே வாசித்துக்கொண்டிருப்பவர் மனத்தில் கேட்காமலே ஒரு எண்ணம் குடிபுகுந்துவிடுகிறது: மன்னிப்பதும் மறுபடி சேர்ந்து வாழ்வதும் ஒன்றே, சேரவில்லையென்றால் மன்னிக்கவில்லை என்று அர்த்தம், மன்னிக்கவில்லையென்றால் அவள் கிறிஸ்தவளே அல்ல. நம் வீட்டுக் கூடங்களில் பெரியவர்கள் பேசுவதும் இதேதான். அவர்கள் அந்தக் கதைகளை வாசித்தவர்களுமல்ல. "ஆண்டவரே மன்னிக்கச் சொல்லியிருக்கிறார் அம்மா, பெட்டியை எடு" என்கிறார்கள். அடிபட்ட முகத்தோடு வந்த பெண்ணை அன்று மாலையே பேருந்தில் ஏற்றி அனுப்பிவிடுகிறார்கள். பிறகு வீட்டில் ஒரு நிம்மதி. யாருக்கு நிம்மதி?

இது சிறிய குழப்பமல்ல. ஆகையால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மன்னிப்பு என்பது என்ன? அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் நேசத்துக்குச் சொல்லும் இலக்கணம் எளிமையானது: ஒருவருக்கு நன்மையை விரும்புவதே அவரை நேசிப்பது. எனக்குத் தீங்கு செய்தவனுக்கும் நான் நன்மையே விரும்பினால், அவன் அழிய வேண்டுமென்ற ஆசையை விட்டுவிட்டால், அவன் ஆத்துமத்துக்காக ஜெபிக்க முடிந்தால், நான் மன்னித்தவன். இதற்கு அவன் சம்மதம் தேவையில்லை. அவன் வருந்தாவிட்டாலும் இது முடியும். அவன் இறந்துபோயிருந்தாலும் முடியும். எத்தனை முறை என்று இராயப்பர் கேட்டபோது ஆண்டவர் எண்ணிக்கைக்கு இடமே வைக்கவில்லை. இதில் நமக்குத் தள்ளுபடி கிடையாது. கொடுமைக்கு உள்ளான மனைவிக்கும் கிடையாது, ஏமாற்றப்பட்ட கணவனுக்கும் கிடையாது. கடினந்தான். ஒரே நாளில் வருவதுமல்ல. கோபம் தணிந்தது என்று நினைத்த மறுநாளே மறுபடி பொங்கும். பொங்கும்போதெல்லாம் மறுபடி மன்னிக்க வேண்டும்.

நம்பிக்கையோ வேறு சரக்கு. இந்த மனிதன் கையில் மறுபடியும் என்னையும் என் பிள்ளைகளையும் ஒப்படைக்கலாமா என்பது நம்பிக்கையின் கேள்வி. அதற்கு விடை என் உள்ளத்தில் இல்லை, அவனிடத்தில் இருக்கிறது. அவன் மாறியிருக்கிறானா? மாறினான் என்பதற்கு அடையாளம் என்ன? மன்னிக்க ஒருவர் போதும். சேர்ந்து வாழ இருவர் வேண்டும். ஒருவரே இரண்டு பேருடைய வேலையையும் செய்ய முடியாது.

இன்னொன்றும் கவனிக்கவும். அவனுக்கு நன்மையை விரும்புவதுதான் நேசம் என்றால், குடித்துவிட்டு அடிப்பதற்கு வசதியாகத் தினமும் எதிரில் போய் நிற்பது அவனுக்கு நன்மையா? அவன் பாவம் வளர்வதற்கு அது உரமாகிறதே. அவன் கைக்கு எட்டாமல் இருப்பதே சில வேளைகளில் அவனுக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

இது புதிதாய் நான் கண்டுபிடித்த பேதமல்ல. நாம் சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் ஒப்பித்ததை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு வேண்டிய காரியங்கள் எத்தனை? ஐந்து. ஆத்தும சோதனை, மனஸ்தாபம், பிரதிக்கினை, சங்கீர்த்தனம், அபராதம் தீர்த்தல். குரு பாவத்தைப் பொறுத்தருளும் வார்த்தைகளைச் சொன்னவுடன் பாவம் போய்விடுகிறது. ஆயினும் அபராதம் நிற்கிறது. நித்திய ஆக்கினை நீங்கினாலும் அநித்திய ஆக்கினை மீதியிருக்கலாம் என்று திருச்சபை படிப்பிக்கிறது. திருடினவன் பாவப் பொறுத்தல் பெற்றாலும் திருடிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். சர்வேசுரன் தாமே இப்படி வைத்திருக்க, மனைவியை அடித்த கணவன் "மன்னித்துவிட்டாயல்லவா, இனி அதைப் பற்றிப் பேசாதே" என்று ஐந்தாவதை மட்டும் எப்படித் தள்ளிவிடுகிறான்?

அர்ச். மரிய கொரற்றியம்மாளை நம் பெண்பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். தன்னைக் குத்தியவனைப் பதினொரு வயதுப் பெண், 1902-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், சாகுமுன் மன்னித்தாள். அந்த மன்னிப்பு சிறைக்கதவைத் திறந்துவிடவில்லை. அலெசாந்துரோ செரெனெல்லிக்கு 30 ஆண்டுத் தண்டனை. 27 ஆண்டு கழித்தே வெளியே வந்தான். அவன் மனந்திரும்பியதும் சிறைக்குள்ளேதான். மன்னிப்பும் சிறையும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. சட்டத்திடம் போவது மன்னிக்காத குணம் என்று சொல்கிறவர்கள் இதை எண்ணிப் பார்க்கட்டும். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஒரு மனைவி நீதிபதியிடம் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம். அவள் குடியிருக்கும் வீட்டிலிருந்து அவளைச் சட்டவிரோதமாக வெளியேற்றவும் கூடாது. கேட்பதில் பாவமில்லை.

வேதாகமத்தில் இந்தக் கதைகளுக்கெல்லாம் மூலக்கதை ஓசேயா தீர்க்கதரிசியின் கதை. துரோகம் செய்த மனைவியை மறுபடி நேசிக்கும்படி ஆண்டவர் அவருக்குக் கட்டளையிடுகிறார். அவரும் 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து ஒரு பெண்ணை மீட்டு வருகிறார். அந்த இடத்தில் பெயர் சொல்லப்படவில்லை. முன்னே சொல்லப்பட்ட கோமேர்தான் என்றே வேதசாஸ்திரிகள் பெரும்பாலும் கொள்ளுகிறார்கள். பிரசங்கங்களில் நாம் வெள்ளிக்காசோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த வசனத்தை வாசிப்பதில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்தபின் தீர்க்கதரிசி அவளுக்கு ஒரு நிபந்தனை வைக்கிறார்: நெடுநாள் காத்திருக்க வேண்டும், வேறொருவனோடு சேரக்கூடாது, தானும் அவ்வாறே அவள் விஷயத்தில் இருப்பதாகச் சொல்கிறார். வாசல் திறந்தாயிற்று, ஆனால் பழைய வாழ்வு அன்றே தொடங்கவில்லை. இடையில் ஒரு காத்திருப்புக் காலம். அதை வைத்தவர் மன்னிக்காதவரா? மன்னிப்புக்கே உலகத்துக்கு உதாரணமாக நிற்கிறவர்.

இந்த வரலாற்றை வைத்து பிரான்சின் ரிவர்ஸ் என்ற அம்மையார் "ரிடீமிங் லவ்" என்னும் நாவலை 1991-இல் எழுதினார். 2022-இல் படமாகவும் வந்தது. 1850-ஆம் ஆண்டுக் கலிபோர்னியாவில், தங்கம் தேடி ஜனங்கள் குவிந்த காலத்தில் நடக்கிற கதை. சிறு வயதிலேயே விற்கப்பட்ட ஒரு பெண்ணை மைக்கேல் ஓசேயா என்ற குடியானவன் மணக்கிறான். அவள் ஓடுகிறாள், அவன் தேடிக் கொண்டுவருகிறான், மறுபடி ஓடுகிறாள். கடைசி முறை ஓடியபோது அவன் தேடிப் போகவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து அவளே திரும்பி வருகிறாள். நாவலில் எனக்குப் பிடிக்காத பகுதிகள் உண்டு. பெண்பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் தாய்மார் வாசித்துப் பார்ப்பது நல்லது. ஆனால் அவன் தேடிப் போகாமல் இருந்த அந்த மூன்று ஆண்டுகளை அம்மையார் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். இழுத்துக் கொண்டுவரப்பட்டவள் திரும்பி வந்தவளாக மாட்டாள்.

இராயப்பரையும் பாருங்கள். மும்முறை மறுதலித்தார். ஆண்டவர் அவரை மன்னிக்க யோசித்தாரென்று யாரும் சொல்ல முடியாது. ஆயினும் திபேரியாக் கடற்கரையில், ஆடுகளை ஒப்படைக்குமுன், தம்மை நேசிப்பதுண்டா என்று மூன்று முறை கேட்டார். மூன்றாம் முறை கேட்டபோது இராயப்பருக்கு மனம் வருந்தியது என்று அருளப்பர் எழுதுகிறார். வருந்தினார், ஆனால் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. "ஒருமுறை சொன்னால் நம்பமாட்டீரா?" என்று கேட்கவில்லை. மறுவாழ்வு கேட்டு வருகிற கணவன்மார் அந்தக் கடற்கரைக்குப் போய்ச் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வரலாம்.

திருச்சபைச் சட்டம் என்ன சொல்லுகிறது? விவாகம் என்னும் தேவதிரவிய அனுமானத்தின் கட்டு மரணமட்டும் அறாது என்பதில் மாற்றமில்லை. ஆனால் கட்டு அறாமலே தம்பதிகள் பிரிந்து வாழத் திருச்சபை இடம் கொடுத்திருக்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியாது. 1983-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பில் 1152-ஆம் சட்டம் விபசாரத்தைப் பற்றியது. துரோகம் செய்த துணைக்கு மன்னிப்பை மறுக்காமல், குடும்பத்தைக் குலைக்காமல் இருக்கும்படி அது வருந்திக் கேட்டுக்கொள்கிறது. கேட்டுக்கொள்கிறதே தவிரக் கட்டாயப்படுத்தவில்லை. அந்தத் தவற்றை ஏற்கெனவே பொறுத்துக்கொண்டு சேர்ந்து வாழ்ந்திருந்தாலொழிய, குற்றமில்லாதவருக்குப் பிரிந்து வாழும் உரிமை உண்டென்று அதே சட்டம் சொல்கிறது. அடுத்த 1153-ஆம் சட்டம், துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ ஆத்துமத்திலாவது சரீரத்திலாவது பெரிய ஆபத்து விளைவிக்கிறவரை விட்டுப் பிரிய நியாயமான காரணம் உண்டென்கிறது. முறைப்படி ஆயரிடம் தீர்ப்புக் கேட்க வேண்டும். தாமதித்தால் ஆபத்து என்றால் கேட்காமலே வெளியேறலாம். காரணம் தீர்ந்தபின் பொதுவாகச் சேர்ந்து வாழ்வு திரும்ப வேண்டும். 1155-ஆம் சட்டமோ, குற்றமில்லாதவர் மற்றவரை மறுபடி ஏற்றுக்கொண்டால் அது புகழத்தக்க செயல் என்கிறது. புகழத்தக்கது என்ற சொல்லைக் கவனியுங்கள். பிறரை வற்புறுத்திச் செய்ய வைத்த காரியத்தை யாரும் புகழமாட்டார்கள்.

பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் குடும்பத்தைப் பற்றி எழுதிய அப்போஸ்தலிக்க ஊக்கவுரையில், பிரிந்து வாழும் தம்பதிகளைக் குறித்துப் பேசும்போது, மன்னிப்பைக் கிறிஸ்தவ அன்போடு பிறந்த கடமையாக வைக்கிறார்; பழைய வாழ்வுக்குத் திரும்புவதையோ, வாய்த்தால் அதற்கு ஆயத்தமாயிருக்க வேண்டிய காரியமாக வைக்கிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடவில்லை. பாப்பரசர் பிரான்சிஸ் 2016-இல் எழுதிய "அன்பின் மகிழ்ச்சி"யில் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார்: பலவீனமான துணைவரையும் சிறு பிள்ளைகளையும் வன்முறையிலிருந்து காக்க வேண்டியிருக்கும்போது, பிரிவு ஒழுக்கநெறிப்படி அவசியமாகவே ஆகக்கூடும் என்கிறார். அவசியம் என்றால் செய்யாமலிருப்பது தவறு என்று அர்த்தம். பெட்டியைக் கட்டி அனுப்புகிற பெரியவர்கள் இதை வாசிக்க வேண்டும்.

இனிப் படத்துக்குத் திரும்புவோம். அதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கண்ணீர்க் காட்சியல்ல. கேதரின் காய்ச்சலாய்ப் படுத்திருக்கும்போது கணவன் அவளைப் பார்த்துக்கொள்கிறான். அது எத்தனையாவது நாள் என்று அவள் கேட்க, நாற்பத்து மூன்று என்கிறான். புத்தகத்தில் நாற்பதுதானே என்கிறாள். நிறுத்த வேண்டுமென்று யார் சொன்னது என்று கேட்கிறான். பிறகு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்கிறான். உண்மையான மனஸ்தாபம், பார்க்கிற நமக்குத் தெரிகிறது. அவள் என்ன செய்கிறாள்? யோசிக்க அவகாசம் வேண்டும் என்கிறாள். அவன் முகம் சுளிக்கவில்லை. சரி என்று எழுந்து போகிறான்.

அவள் மனம் எப்போது திரும்புகிறது? தாயாருக்குக் கட்டிலும் நாற்காலியும் வந்து சேர்ந்திருக்கின்றன. அந்த டாக்டர்தான் கொடுத்தார் என்று அவள் நினைத்திருந்தாள். கடைக்குப் போய் விசாரித்தால், டாக்டர் கொடுத்தது 300 டாலர். மீதி 24,000 டாலரும் கணவன் கொடுத்தது என்று தெரிகிறது. படகுக்குச் சேர்த்த பணம் முழுவதும். செய்ததை அவன் வாய் திறந்து சொல்லவில்லை. அதைக் காட்டி எதையும் கேட்கவில்லை. அப்போதுதான் அவள் கழற்றி வைத்த மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு தீயணைப்பு நிலையத்துக்கு ஓடுகிறாள். பாப்டிஸ்ட் சகோதரர்கள் அபராதம் என்ற சொல்லைச் சொல்லமாட்டார்கள். ஆனால் அவர்கள் எடுத்த படத்தில் நாலு காரியத்தோடு முடியவில்லை. ஐந்தாவதைக் கண்ட பிறகே கதவு திறக்கிறது.

படத்தோடு கூட அந்த நாற்பது நாள் பயிற்சியும் அச்சுப் புத்தகமாகவே வெளிவந்து இலட்சக்கணக்கில் விற்றது. இங்கேதான் எனக்குச் சங்கடம். நாற்பது நாள் நல்லவனாக நடந்தேன், நாற்பத்தோராம் நாள் கூலியைக் கொடு என்று கேட்கத் தோன்றும். நவநாள் முடிந்தது, வேண்டுதலைக் கொடும் என்று மாதாவிடம் கணக்குப் பேசுகிறவர்கள் நம்மிலும் உண்டே! மேலும், அந்தப் படத்துக் கணவனிடம் சுயநலம் இருக்கிறது, அசுத்தமான பழக்கம் இருக்கிறது, கடுஞ்சொல் இருக்கிறது. ஆனால் அவன் மனைவியை அடித்தவனல்ல. ஆகையால் என்னிடம் கேள்வி கேட்ட தாய்க்குப் படத்தில் பதில் இல்லை. எலும்பு முறிந்தவளிடம் போய், நீயும் நாற்பது நாள் அன்பு காட்டிப் பார் என்று அந்தப் புத்தகத்தை நீட்டுவது கொடுமை.

கதைகள் காட்டாத ஒரு முடிவும் உண்டு. முத்திப்பேறு பெற்ற எலிசபெத் கனோரி மோரா உரோமையைச் சேர்ந்தவள், 1774-இல் பிறந்தவள். கணவன் கிறிஸ்டோபர் வழக்கறிஞர். வேறொரு பெண்ணோடு தொடர்பு வைத்துக்கொண்டு, சொத்தைக் கரைத்து, மனைவியையும் இரண்டு பெண்பிள்ளைகளையும் கைவிட்டான். அவள் கைவேலை செய்து பிள்ளைகளைக் காப்பாற்றினாள். பிரிந்துவிடு என்று உற்றாரே சொன்னார்கள். அவள் கட்டை விடவில்லை, அவனுக்காக ஜெபிப்பதையும் விடவில்லை. 1825-இல் இறந்தாள். அவன் மனந்திரும்பியது அதன் பிறகுதான். பிரான்சிஸ்குவின் சபையில் சேர்ந்து 1834-இல் குருவாகவும் அபிஷேகம் பெற்றான். அவளை 1994-இல் திருச்சபை முத்திப்பேறு பெற்றவளாக உயர்த்தியது. அவளைப் போலவே எல்லாரும் அந்த வீட்டில் இருந்தாக வேண்டுமென்று இதற்கு அர்த்தமில்லை; அது அவள் சுயமாய்த் தெரிந்துகொண்ட வழி. நான் சொல்ல வந்தது வேறு: அவள் மன்னிப்பு முழுமையானது, ஆனால் மறுவாழ்வு அவளுக்குக் கிடைக்கவில்லை. கடைசிப் பக்கத்தில் இருவரும் சேர்ந்து நிற்கவில்லை. அதனால் அவள் மன்னித்தது வீணாய்ப் போயிற்றென்று யார் சொல்வார்?

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. நான் இதுவரை எழுதியதைத் தனக்கு வசதியாக எடுத்துக்கொள்பவர்களும் இருப்பார்கள். மாமியார் சொன்ன ஒரு சொல்லுக்காக எட்டு மாதமாகத் தாய்வீட்டில் இருப்பவர்கள். சம்பளத்தை வைத்து வந்த சண்டையில் பேச்சை நிறுத்தி ஒரே கூரையின் கீழ் இரண்டு அடுப்பு வைத்திருப்பவர்கள். "மன்னித்துவிட்டேன், ஆனால் நம்பிக்கை வரவில்லை, சாமி" என்று இனிமேல் என்னிடமே சொல்வார்கள். அவர்களுக்கு ஒரு கேள்வி. அவன் மாறியதற்கு என்ன அடையாளம் வேண்டுமென்று கேட்டால், சொல்ல உங்களிடம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அது நியாயமான எச்சரிக்கை. எந்த அடையாளத்தைக் காட்டினாலும் போதாது என்றால், அது மன்னிக்காத மனந்தான். எச்சரிக்கை என்ற போர்வையைப் போர்த்திக்கொண்டிருக்கிறது. நம் பங்கில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகை. இவற்றுக்குச் சட்டத் தொகுப்பு வேண்டாம். யாராவது ஒருவர் முதலில் காப்பி போட்டுக் கொடுத்தால் போதும்.

கணவன்மாருக்கும் ஒரு வார்த்தை. மனைவியை விட்டுப் போனவரும், அடித்தவரும், ஏமாற்றியவரும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருகிறீர்கள், சந்தோஷம். பாவப் பொறுத்தல் பெற்றுப் போகிறீர்கள். ஆனால் வீட்டு வாசலில் போய் நின்று, "ஆண்டவரே மன்னித்துவிட்டார், நீ யார்?" என்று கேட்கும் உரிமையை அந்தப் பொறுத்தல் உங்களுக்குக் கொடுக்கவில்லை. அவள் மன்னிக்கக் கடமைப்பட்டவள் என்று அவளுக்கு நான் சொல்லலாம், நீங்கள் சொல்லக்கூடாது. உங்கள் பங்கு குடியை விடுவது, கடனை அடைப்பது, பிள்ளைகளின் படிப்புச் செலவை மாதம் தவறாமல் கொடுப்பது, வெளியில் நின்று காத்திருப்பது. கணவனை விட்டுச் சென்று திரும்ப நினைக்கும் மனைவிக்கும் முறை இதுவே.

இரு வீட்டாரும் இப்படி ஒரு வழக்கோடு இனிப் பங்கு இல்லத்துக்கு வந்தால், முதலில் அந்தப் பெண்ணிடம் அவள் தாயாரை வைத்துக்கொண்டு பேசுவேன். பிறகு கணவனைக் கூப்பிட்டு, குடி நிறுத்தி எத்தனை மாதமாயிற்று, வேலைக்கு ஒழுங்காகப் போகிறாரா, பிள்ளைகளுக்கு என்ன அனுப்பினார் என்று கேட்பேன். பதிலுக்கு ஏற்றபடி மூன்று மாதமோ ஆறு மாதமோ தவணை வைப்போம். அதுவரை பெரியவர்கள் வெளித்திண்ணையில் உட்கார்ந்திருக்கச் சிரமம் பாராட்டமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

உங்கள் பங்குக் குரு